சட்டப் படிப்பில் சேருமுன் வேலைவாய்ப்புக் கணக்கைக் கேட்டு வாங்கும் முறை

டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள், பிள்ளையைச் சட்டம் படிக்க அனுப்பும்போது கட்டணம், விடுதி, புத்தகம், போக்குவரத்து என்று ஒவ்வொரு ராண்டையும் எண்ணிப் பார்க்கின்றன. அதே படிப்பை முடித்தவர்களில் எத்தனை பேருக்குப் பயிற்சி இடம் கிடைத்தது, எத்தனை பேர் கடைசியில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார்கள் என்ற கணக்கை மட்டும் பெரும்பாலோர் கேட்பதில்லை. கேட்பவர்களுக்கும் அது எளிதில் கிடைப்பதில்லை. ஏனெனில் ஒவ்வொரு சட்டப் புலமும் தன் பட்டதாரிகளின் வேலை நிலையை ஒரே அளவுகோலில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் தென்னாப்பிரிக்காவில் இல்லை. அக்கட்டாயம் வந்தே தீர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை அந்தக் கணக்கை நாமே எவ்வாறு கேட்டுப் பெறுவது, கிடைத்ததை எவ்வாறு வாசிப்பது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

பட்டத்துக்கும் தொழிலுக்கும் இடையே

1998 முதல் நடைமுறையில் உள்ள நான்காண்டு எல்.எல்.பி., தேசியத் தகுதிச் சட்டகத்தின் 8ஆம் நிலையில் அமைந்த முழுமையான பட்டம். ஆயினும் அது மட்டும் ஒருவரை வழக்கறிஞர் ஆக்கிவிடாது. 2014ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டத்தின்படி, அட்டர்னி (கட்சிக்காரருக்காக நேரடியாகச் செயல்படும் வழக்கறிஞர்) ஆக விரும்புபவர் ஓர் அலுவலகத்துடன் பயிற்சி ஒப்பந்தம் செய்துகொண்டு வழக்கமாக இரண்டு ஆண்டுகள் பணிபுரிய வேண்டும். இதைத்தான் நாம் பேச்சில் இன்னும் ‘ஆர்ட்டிக்கிள்ஸ்’ என்கிறோம். சட்டத்தொழில் பள்ளியில் முழுநேரப் பயிற்சியை முடித்தவருக்கு அந்தக் காலம் குறையும். நீதிமன்ற நடைமுறை, உயிலும் சொத்து நிர்வாகமும், அட்டர்னி தொழில்முறை, கணக்குவைப்பு ஆகிய பாடங்களில் நடக்கும் தகுதித் தேர்விலும் தேறிய பிறகுதான் உயர் நீதிமன்றத்தில் பதிவு கோர முடியும். அட்வகேட் (முக்கியமாக நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்) ஆக விரும்புபவருக்கு ‘பியூப்பிலேஜ்’ என்னும் வேறொரு பயிற்சி உண்டு.

ஆகவே முதலாண்டில் சேரும் மாணவரின் உண்மையான முடிவு தெரிய, எல்லாம் தடையின்றி நடந்தாலும், ஆறு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இப்பாதையில் மிகக் குறுகலான இடம் தேர்வன்று, பயிற்சி ஒப்பந்தமே. பெரிய அலுவலகங்கள் மூன்றாம் ஆண்டு மாணவர்களையே விடுமுறைப் பணிக்கு அழைத்துப் பார்த்து, வேண்டியவரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிடுகின்றன. சிறிய அலுவலகங்களின் விளம்பரங்களோ ஓட்டுநர் உரிமமும் சொந்த வாகனமும் வேண்டும் என்று பலமுறை கேட்டு வந்திருக்கின்றன. வழக்கறிஞர் ஒருவரும் இல்லாத குடும்பத்திலிருந்து, கார் இல்லாத வீட்டிலிருந்து செல்லும் பிள்ளைக்கு நல்ல மதிப்பெண் இருந்தும் கதவு திறக்காமல் போவது இந்த இடத்தில்தான். எனவே ஒரு சட்டப் புலம் தன் பட்டதாரிகளைப் பற்றி எதைச் சொன்னாலும், பயிற்சி ஒப்பந்தம் பெற்றவர்களின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை என்றால், முக்கியமானதைச் சொல்லவில்லை என்றே கொள்ளுங்கள்.

விழுக்காட்டைப் பிரித்துப் பார்த்தல்

“எங்கள் பட்டதாரிகளில் 80 விழுக்காட்டினர் வேலையில் உள்ளனர்” என்று ஒரு கையேடு சொல்வதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கூற்றில் ஒரு பொய்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அது உங்களை முற்றிலும் தவறான முடிவுக்குக் கொண்டு செல்லலாம். இதைக் கற்பனையான எண்களைக் கொண்டே பார்ப்போம். அந்த ஆண்டில் 200 பேர் பட்டம் பெற்றார்கள். புலம் அனுப்பிய வினாத்தாளுக்கு 90 பேர் மட்டுமே பதில் அனுப்பினார்கள். அவர்களில் 72 பேர் ஏதோ ஒரு வேலையில் இருப்பதாக எழுதினார்கள். 90இல் 72 என்பது 80 விழுக்காடு. ஆனால் 200இல் 72 என்பது 36 விழுக்காடுதான். பதில் அனுப்பாத 110 பேரும் வேலையற்றவர்கள் என்று நாம் முடிவு கட்டவும் கூடாது. அவர்கள் எல்லோருக்கும் வேலை இருந்திருந்தால் எண் 91 விழுக்காடாகும். அதாவது நேர்மையான விடை “36க்கும் 91க்கும் இடையே எங்கோ” என்பதுதான். அவ்வளவு அகலமான விடையை எந்தக் கையேடும் அச்சிட விரும்பாது. அதனால் நடுவில் உள்ள 80 அச்சாகிறது. வேலையற்றவர் அத்தகைய வினாத்தாளுக்குப் பதில் எழுதத் தயங்குவது இயல்பு என்பதால், உண்மை அந்த 80க்குக் கீழே இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

இன்னும் உள்ளே செல்வோம். வேலையில் இருப்பதாகச் சொன்ன 72 பேரில் 30 பேர் மட்டும் பயிற்சி ஒப்பந்தம் பெற்றவர்கள் என்றால், பட்டம் பெற்ற 200 பேரில் அது 15 விழுக்காடு. அந்த வகுப்பில் முதலாண்டில் சேர்ந்தவர்கள் 300 பேர் என்றால், சேர்ந்தவர்களில் அது 10 விழுக்காடு. சேரப்போகும் பிள்ளையின் பெற்றோருக்குத் தேவையான எண் இந்தக் கடைசி எண்தான். ஏனெனில் உங்கள் பிள்ளை இன்று நிற்பது முதலாண்டின் வாசலில்.

அடுத்தது, வேலை என்பதற்குப் புலம் வைத்திருக்கும் வரையறை. நாட்டின் புள்ளிவிவரத் துறை நடத்தும் காலாண்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பு, குறிப்பிட்ட வாரத்தில் ஒரு மணி நேரம் ஊதியத்துக்கு உழைத்தவரையும் வேலையில் இருப்பவர் என்றே கொள்கிறது. நாட்டின் தொழிலாளர் நிலையை மற்ற நாடுகளுடன் ஒப்பிட அந்தப் பன்னாட்டு வரையறை வேண்டியதே. ஆனால் நான்காண்டு சட்டப் படிப்பு என்ன தந்தது என்பதை அதைக் கொண்டு அளந்தால், கேட்வே பேரங்காடியின் கடையொன்றில் வார இறுதியில் மட்டும் பில் போடும் பட்டதாரியும், ஜோகன்னஸ்பர்க் அலுவலகத்தில் பயிற்சி பெறும் பட்டதாரியும் ஒரே கட்டத்தில் விழுவார்கள்.

‘சுயதொழில்’ என்ற கட்டத்தையும் தனியாகக் கேட்க வேண்டும். கிளேர்வுட்டில் வளர்ந்த பேருந்து ஓட்டுநரின் மகளான நவி பிள்ளை, நேட்டால் பல்கலைக்கழகத்தில் 1965இல் எல்.எல்.பி. முடித்து, 1967இல் சொந்த அலுவலகம் திறந்தார். வெள்ளையர் அல்லாத பெண் ஒருவர் நேட்டாலில் அவ்வாறு திறந்தது அதுவே முதல்முறை. பின்னாளில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை உயர் ஆணையர் ஆன அவர், வெள்ளையரின் சட்ட அலுவலகங்கள் தம்மை வேலைக்கு எடுக்காததால்தான் தனியே தொடங்க நேர்ந்தது. அன்றைய பல்கலைக்கழகம் ஒரு கணக்கு வெளியிட்டிருந்தால், அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி அதில் ‘சுயதொழில்’ என்ற வெற்றி வரியாக மாறியிருக்கும். இன்றும், பட்டம் பெற்ற சில மாதங்களில் ஒருவர் சுயதொழில் செய்கிறார் என்று புலம் சொன்னால், அது சட்ட அலுவலகமாக இருக்க முடியாது. பயிற்சியும் பதிவும் இல்லாமல் அவ்வாறு திறக்கச் சட்டம் இடம் தராது. எனவே அது என்ன தொழில் என்று கேளுங்கள்.

கணக்கெடுத்த நாளும் முக்கியம். ஆர்ட்டிக்கிள்ஸ் பெரும்பாலும் ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. பட்டமளிப்பு அதற்குச் சில மாதங்களுக்குப் பின் நடைபெறுகிறது. பட்டமளிப்பு விழாவுக்கு வந்தவர்களிடம் மட்டும் படிவம் கொடுத்து எடுத்த கணக்கில், விழாவுக்கு வராதவர்கள் இடம்பெற மாட்டார்கள். வர இயலாத நிலையில் இருப்பவர்கள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவில் நடந்தது

இந்தச் சிக்கல் முழுவதும் அமெரிக்காவில் முன்பே வெடித்தது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பெருங்கடனுடன் வேலையின்றி நின்ற பட்டதாரிகள், 2011 முதல் தங்கள் சட்டக் கல்லூரிகள் மீதே வழக்குத் தொடுத்தார்கள். கல்லூரிகள் விளம்பரப்படுத்திய வேலைவாய்ப்பு விழுக்காட்டில் பகுதி நேர வேலையும் சட்டத்துக்குத் தொடர்பில்லாத வேலையும் கலந்திருந்தன என்பது அவர்கள் குற்றச்சாட்டு. நியூயார்க் லா ஸ்கூல் மீதான வழக்கை 2012இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் புள்ளிவிவரம் முழுமையற்றது என்பதை ஏற்றுக்கொண்டே, அது பொய்யோ ஏமாற்றோ ஆகாது என்று தீர்த்தது. கலிபோர்னியாவில் தாமஸ் ஜெஃபர்சன் சட்டக் கல்லூரி மீதான வழக்கு நடுவர் குழு வரை சென்றது. 2016 மார்ச்சில் குழு கல்லூரியின் பக்கமே முடிவு செய்தது.

நிலையை மாற்றியது வழக்கு அன்று, விதி. 2009இல் சட்ட மாணவர் இருவர் தொடங்கிய ‘லா ஸ்கூல் டிரான்ஸ்பரன்சி’ என்ற அமைப்பு எழுப்பிய குரலும் பட்டதாரிகளின் சீற்றமும் சேர்ந்து அழுத்த, அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் தன் 509ஆம் விதியை 2012இல் கடுமையாக்கியது. இப்போது அங்கே அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கல்லூரியும், பட்டம் பெற்று ஏறத்தாழ பத்து மாதங்களுக்குப் பின், முழுநேரமா பகுதிநேரமா, நீண்டகாலமா குறுகியகாலமா, வழக்கறிஞர் தகுதி தேவைப்படும் வேலையா, பட்டம் உதவும் வேலையா, இரண்டும் தேவைப்படாத வேலையா, கல்லூரியே பணம் கொடுத்து வைத்திருக்கும் வேலையா என்று தனித்தனிக் கட்டங்களில் வெளியிட வேண்டும். நிலை தெரியாதவர்களின் எண்ணிக்கையும் ஒரு கட்டம். கட்டாயம் ஏன் வேண்டும் என்பதற்கு எனக்கு இதுவே வலுவான சான்று: தீங்கு நேர்ந்த பின் நீதிமன்றம் சென்றவர்கள் தோற்றார்கள், முன்கூட்டியே கேட்ட விதி வென்றது. கட்டாயம் இல்லாத இடத்தில் ஒரு புலம் மட்டும் 15 விழுக்காடு என்று உண்மை சொன்னால், பக்கத்துப் புலம் 80 என்று சொல்லி அதன் மாணவர்களை இழுத்துக்கொள்ளும். நேர்மையானவரைத் தண்டிக்கும் அந்த நிலையை எந்தத் தனிப் புலத்தாலும் மாற்ற இயலாது.

கேட்க வேண்டிய முறை

முதலில் ‘ஓப்பன் டே’ அன்று நேரில் கேளுங்கள். பிறகு அதே கேள்விகளை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஏனெனில் வாய்மொழிப் பதிலை யாரும் பின்னர் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். குறிப்பிட்ட ஓர் ஆண்டில் முதலாண்டில் சேர்ந்தோர் எத்தனை பேர், அவர்களில் நான்கு ஆண்டுகளிலும் ஆறு ஆண்டுகளிலும் பட்டம் பெற்றோர் எத்தனை பேர், பட்டம் பெற்றோரில் வினாத்தாளுக்குப் பதில் அளித்தோர் எத்தனை பேர், பயிற்சி ஒப்பந்தம் பெற்றோர் எத்தனை பேர், எந்த நாளில் கணக்கெடுக்கப்பட்டது ஆகிய ஐந்தும் போதும். விழுக்காடு வேண்டாம், எண்ணிக்கை வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். ஓர் ஆண்டு தற்செயலாக நன்றாகவோ மோசமாகவோ இருக்கலாம் என்பதால் மூன்று ஆண்டுகளுக்குக் கேட்பது நல்லது.

பதில் வரவில்லை என்றாலோ மழுப்பலாக வந்தாலோ, 2000ஆம் ஆண்டின் தகவல் அணுகல் மேம்பாட்டுச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்கள் இச்சட்டத்தின் கீழ் பொது அமைப்புகள். அவற்றிடம் கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை. பல்கலைக்கழக இணையதளத்தில் இச்சட்டத்துக்கான கையேடும், தகவல் அலுவலரின் முகவரியும், விண்ணப்பப் படிவமும் இருக்கும். 30 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேவையானால் ஒருமுறை நீட்டிக்கலாம். காலம் கடந்தும் மௌனமாக இருந்தால் மறுத்ததாகவே கொள்ளப்படும், தகவல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிடலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு, பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். இச்சட்டம் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் பெற்றுத் தரும். உங்களுக்காகப் புதிய கணக்கைப் போட்டுத் தருமாறு அமைப்பைக் கட்டாயப்படுத்தாது. ஆகவே “எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது?” என்று கேள்வியாக எழுதாதீர்கள். “இன்ன ஆண்டு எல்.எல்.பி. பட்டதாரிகளிடம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பின் அறிக்கை, அதன் வினாத்தாள், பதில் அளித்தோரின் தொகை குறித்த பதிவு, புல வாரியத்தின் முன் வைக்கப்பட்ட தொடர்புடைய அறிக்கை” என்று ஆவணங்களாகக் கேளுங்கள். தனிநபர் பெயர்களை நீக்கிவிட்டுத் தரலாம் என்று நீங்களே எழுதிவிட்டால், தனியுரிமையைக் காரணம் காட்டும் மறுப்புக்கு இடமிருக்காது. அப்படி ஓர் ஆவணமே இல்லை என்று எழுத்தில் வந்தால், அதுவும் விலைமதிப்புள்ள பதில்: வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசும் கையேட்டுக்கு அடிப்படையே இல்லை என்று அந்தப் புலமே ஒப்புக்கொண்டதாகும்.

தனியார் நிறுவனங்களிடம் கேட்பது கடினம். ஓர் உரிமையைப் பயன்படுத்தவோ காக்கவோ அந்த ஆவணம் தேவை என்று காட்ட வேண்டியிருக்கும். ஆனால் தனியார் எல்.எல்.பி. இன்று சிறிய விஷயமன்று. 2019 டிசம்பர் 11 அன்று, குவாசுலு-நேட்டால் சட்டச் சங்கம் தொடர்பான வழக்கில், தனியார் நிறுவனம் வழங்கும் அங்கீகாரம் பெற்ற எல்.எல்.பி.யும் தொழிலில் நுழையத் தகுதியானதே என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நான் வரவேற்கிறேன். எனினும் அரசின் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். நிதியுதவி தனியார் நிறுவனங்களுக்குக் கிடையாது. அங்கே படிப்பவரின் குடும்பமே முழுச் சுமையையும் தாங்குகிறது, வங்கிக் கடன் என்றால் பெற்றோரே பிணை நிற்க நேர்கிறது. எனவே அங்கே, பணம் கட்டுமுன், எண்ணிக்கையை எழுத்தில் தராவிட்டால் சேர்வதில்லை என்று சொல்லும் உரிமையைப் பயன்படுத்துங்கள். கையேடு, விளம்பரப் படம், ஆலோசகர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் தேதியுடன் சேமித்து வையுங்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, முக்கிய உண்மையைப் பற்றிய மிகைப்படுத்தலையும் ஈரடிப் பேச்சையும், ஏமாற்றாக அமையும் மறைப்பையும் தடை செய்கிறது. கல்வியும் அச்சட்டத்தில் ஒரு சேவைதான்.

ஊரில் விசாரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. உயர் நீதிமன்றத்தில் பதிவு பெற்ற நாளில் கறுப்பு அங்கியுடன் எடுத்த படம் குடும்பத்தார் அனைவருக்கும் சேரும். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தீபாவளி மேடையில் அந்தப் பிள்ளைக்குப் பொன்னாடையும் உண்டு. இடம் கிடைக்காமல் அழைப்பு மையத்தில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை. ஆகையால் “உங்கள் வகுப்பில் முதலாண்டில் உங்களுடன் உட்கார்ந்த பத்துப் பேரின் பெயரை நினைவுபடுத்திச் சொல்லுங்கள், அவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்?” என்று வெற்றி பெற்றவரிடமே கேளுங்கள். அந்த விடை புள்ளிவிவரம் ஆகாது. ஆனால் மேடை காட்டாததைக் காட்டும்.

எழக்கூடிய மறுப்பு

பல்கலைக்கழகம் வேலைவாய்ப்பு அலுவலகம் அன்று என்ற மறுப்பைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. வேலைவாய்ப்பைச் சொல்லி மாணவரை அழைக்காத புலம் மட்டுமே அதைச் சொல்லும் தகுதி உடையது. கணக்கெடுப்பு இயலாத காரியம் என்பதும் பொருந்தாது. மேற்குக் கேப் மாகாணத்தின் நான்கு பல்கலைக்கழகங்களும் கூட்டாக, 2010இல் பட்டம் பெற்றவர்கள் 2012 செப்டம்பரில் எங்கே இருந்தார்கள் என்று தேடி அறிக்கை வெளியிட்டிருக்கின்றன.

கனமான மறுப்பு வேறொன்று. நிறவெறி ஆட்சியில் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட, இன்றும் வளம் குறைந்த பல்கலைக்கழகங்களின் எண்கள் தாழ்வாகவே வரும். அதைப் பார்த்து மாணவர்கள் விலகினால் பழைய அநீதிக்குப் புதிய தண்டனை சேரும் என்பது அது. இதை நான் மதிக்கிறேன். டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரித் தீவில் 1961இல் இந்தியருக்கென்று ஒதுக்கித் திறக்கப்பட்ட கல்லூரியின் வரலாற்றை உடைய நம் சமூகம் இதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எண்ணை மறைத்தால் அந்த மாணவர்களுக்கு இடம் கிடைத்துவிடுவதில்லை. கடனோடு ஏமாற்றமும் சேர்கிறது. வெளியிடும்போது மாணவர்களின் குடும்ப வருமானம், மதிப்பெண் நிலை ஆகியவற்றையும் சேர்த்து வெளியிட்டால், ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் ஒருவருக்கு மட்டும் ஒப்பந்தம் கிடைப்பது வெளிச்சத்துக்கு வரும். அப்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தார் அல்லர். கதவை மூடிய அலுவலகங்களே.

கட்டாயம் எப்படி இருக்க வேண்டும்

இந்த நாட்டில் அதை நடைமுறைப்படுத்துவது அமெரிக்காவை விட எளிது என்று நான் கருதுகிறேன். பயிற்சி ஒப்பந்தங்களைப் பதிவு செய்வது 2018 நவம்பர் முதல் இயங்கும் சட்டத்தொழில் மன்றம். வழக்கறிஞர் பட்டியலை வைத்திருப்பதும் அதே மன்றம். பல்கலைக்கழகத்தின் பட்டதாரிப் பட்டியலை மன்றத்தின் பதிவுகளோடு ஒப்பிட்டு, பெயர் நீக்கிய தொகைகளை மட்டும் வெளியிட்டால், முதன்மையான எண்ணுக்கு வினாத்தாளே தேவைப்படாது. பதில் அளிக்காதோர் என்ற ஓட்டையும் அடைபடும். பட்டம் பெற்ற பன்னிரண்டாம் மாதத்தில் ஒப்பந்தக் கணக்கும், நான்காம் ஆண்டில் பதிவுக் கணக்கும் வெளிவர வேண்டும். அரசுத் துறை, வங்கி, கல்வி என்று வேறு நல்ல பணிகளுக்குச் சென்றோருக்குத் தனிக் கட்டம் வேண்டும். எல்லோரும் நீதிமன்றம் செல்ல வேண்டும் என்பதில்லை. அரசும் தனியாரும் ஒரே படிவத்தைப் பயன்படுத்த வேண்டும். அதை அங்கீகாரத்தின் நிபந்தனையாக்கும் அதிகாரம் உயர்கல்வியின் தரத்தைக் கண்காணிக்கும் உயர்கல்வி மன்றத்திடம் இருக்கிறது, எல்.எல்.பி. குறித்து அது நடத்தி 2018இல் அறிக்கை வெளியிட்ட தேசிய மறுஆய்வு, சட்டப் புலங்களிடம் சான்று கேட்டுப் பெற அதனால் முடியும் என்பதைக் காட்டியது.

விண்ணப்பம் அனுப்பத் திட்டமிடுவோர், தகவல் சட்டத்தின் 30 நாளும் அதன் நீட்டிப்பும் சேர்த்து இரண்டு மாதம் ஆகலாம் என்பதை மனத்தில் கொண்டு, மே மாதத்திலேயே கடிதத்தை அனுப்பிவிடுவது நல்லது. கோயில் குழுவோ தமிழ்ப் பாடசாலையின் பெற்றோர் சங்கமோ சேர்ந்து ஒவ்வொரு புலத்துக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்பினால் பதில்களை அருகருகே வைத்து ஒப்பிடலாம். வந்த பதில்களையும், பதில் வராத புலங்களின் பெயர்களையும் ஒரே தாளில் எழுதி, அடுத்த ஆண்டு மெட்ரிக் எழுதப்போகும் பிள்ளைகளின் வீடுகளுக்குக் கொடுங்கள். அதன் படியொன்றை உயர்கல்வி மன்றத்துக்கும் அனுப்புங்கள்.